கப்பல்காரர்கள் கரை இறங்குவது எப்படி? ஆசிய, பசிபிக் துறைமுகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். எந்த ஊர் பார்க்கலாம், இறங்க விடுவார்களா, விசா வேண்டுமா, கப்பல் போய்விட்டால் என்ன ஆகும். கொழும்பிலிருந்து ஃபிஜி வரையிலான துறைமுகங்களை மனதில் வைத்து அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். எனவே அந்தந்தத் துறைமுகத்தில் உங்கள் கப்பலின் காரியங்களைக் கவனிக்கும் உள்ளூர் ஏஜென்ட் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல்ல வேலைக்குப் போனா ஊர் ஊரா சுத்திப் பாக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா அண்ணா?

எந்த மாதிரிக் கப்பலில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கன்டெய்னர் கப்பல் என்றால் பெரிய துறைமுகங்களில் அரை நாள், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். கிரேன்கள் அவ்வளவு வேகமாக வேலையை முடித்துவிடும். அந்த நேரத்துக்குள் சரக்கு வாட்ச் (முறை வைத்து நின்று கவனிக்கும் பணி), ஸ்டோர் ஏற்றுவது, அதிகாரிகளின் சோதனை, கடலில் செய்ய முடியாத இன்ஜின் பழுது எல்லாம் நடக்க வேண்டும். டேங்கர் இன்னும் கடினம். எண்ணெய் ஜெட்டிகள் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும், பாதுகாப்புக் கெடுபிடியும் அதிகம்.

தானியம், தாது போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியரும் ஜெனரல் கார்கோ கப்பலும் வேறு. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டில் இரும்புத் தாது ஏற்றப் போனால் சீக்கிரமே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அரிசியோ உரமோ இறக்குகிற துறைமுகத்தில் மழை வந்தால் சரக்கறையின் மேல்மூடியான ஹேட்ச்சை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நியூசிலாந்தின் டௌரங்கா மாதிரித் துறைமுகங்களில் மரத்தடி ஏற்றவும் பல நாள் ஆகும். ஊர் பார்க்கும் ஆசை உள்ள பையன்களுக்கு என் யோசனை, முதல் சில கான்ட்ராக்டாவது பல்க்கில் போங்கள்.

ஷோர் லீவ்னா லீவு நாளா? சம்பளம் பிடிப்பாங்களா?

பிடிக்க மாட்டார்கள். உங்கள் வாட்ச் முடிந்து ஓய்வாக இருக்கும் சில மணி நேரத்தில் கரைக்குப் போய் வருவதுதான் ஷோர் லீவ். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் படி) அருகே பலகையில் எழுதியிருப்பார்கள். போகும்போதும் வரும்போதும் கேங்வே புத்தகத்தில் பதிய வேண்டும்.

கேப்டன் மனசு வச்சாத்தான் விடுவாரா?

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கரை இறங்குவது சலுகை இல்லை, உரிமை. எம்.எல்.சி எனப்படும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. கப்பல் பணியாளர்களின் உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும் அவர்களுக்குக் கரை விடுப்பு தர வேண்டும், ஆனால் அவரவர் பொறுப்புக்குரிய வேலை இடம் தரும் அளவுக்கு என்று அது சொல்கிறது.

அந்த இரண்டாவது பாதியில்தான் பிரச்சினை வரும். சரக்கு வேலை நடக்கும்போது உங்கள் வாட்ச் இருந்தால் கேப்டன் மறுக்கலாம், அது நியாயம். பிடிக்காத பையனுக்குத் தண்டனையாக மறுப்பதும், பிடித்தவனுக்குப் பரிசாகக் கொடுப்பதும் தவறு. நல்ல கேப்டன்களும் சீஃப் ஆபீசர்களும் துறைமுகம் வருமுன்பே முறை போட்டுவிடுவார்கள். முந்தின துறைமுகத்தில் இறங்காதவருக்கு இந்த முறை முதலிடம். இப்படி நடத்தும் கப்பலில் சண்டை சச்சரவு குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு நேரத்துக்கும் கணக்கு உண்டு. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு கிடைக்க வேண்டும். அது உங்களுடைய நேரம். அதில் தூங்குவதா, ஊருக்குள் போவதா என்பது உங்கள் முடிவு, மறு வாட்ச்சுக்குத் தெளிவாக வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா விசா எடுக்கணுமா?

ஏட்டில் உள்ளபடி வேண்டாம். கப்பல் போக்குவரத்து நடைமுறைகளை எளிதாக்க 1965இல் வந்த ஃபால் என்ற சர்வதேச உடன்படிக்கை, கரை விடுப்புக்காகக் கப்பல் பணியாளரிடம் விசா கேட்கக் கூடாது என்கிறது. ஆசியத் துறைமுகங்கள் பலவற்றில் இப்படித்தான் நடக்கிறது. ஏஜென்ட் மூலம் குடிவரவு அதிகாரிகள் ஷோர் பாஸ் என்ற கரை இறங்கும் அனுமதிச் சீட்டைத் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு போய் வரலாம். ஜப்பானில் இந்த அனுமதி 15 நாள் வரைகூடத் தர முடியும்.

இரண்டு நாடுகளை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு மேரிடைம் க்ரூ விசா வேண்டும். கட்டணம் கிடையாது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மூன்று ஆண்டு செல்லும். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமல் கப்பல் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அமெரிக்காவுக்கு சி1/டி விசா வேண்டும், நேர்காணல் உண்டு. குவாம், ஹவாய் இரண்டும் பசிபிக்கில் இருந்தாலும் அமெரிக்க மண், அதே விசாதான். அது இல்லாதவரைக் கப்பலிலேயே இருக்கச் சொல்லி உத்தரவு போடுவார்கள், சில சமயம் கேங்வேயில் காவலாளியையும் நிறுத்துவார்கள்.

பாஸ்போர்ட், கடலோடியின் பணிப் பதிவேடான சி.டி.சி இரண்டோடு, இந்திய அரசு தரும் பயோமெட்ரிக் கடலோடி அடையாள அட்டையையும் எடுத்து வையுங்கள். கரை இறங்குவதை எளிதாக்கத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அந்த அட்டைக்கான விதியைக் கொண்டுவந்தது.

கப்பல் கட்டின உடனே இறங்கிடலாமா?

இல்லை. கப்பல் வரும்போது மஞ்சள் நிற க்யூ கொடி ஏற்றியிருப்பார்கள். கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்று அதற்குப் பொருள். சுகாதார அனுமதி வர வேண்டும், பிறகு குடிவரவு, சுங்கம், அப்புறம் ஷோர் பாஸ். பெரும்பாலும் ஏஜென்ட் இவற்றை முன்கூட்டியே மின்னஞ்சலில் முடித்துவிடுவார். சில துறைமுகங்களில் அதிகாரிகள் நேரில் ஏறி ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் விடுவார்கள்.

அடுத்தது டெர்மினல் கேட். 2004 ஜூலை 1 முதல் ஐ.எஸ்.பி.எஸ் என்ற பாதுகாப்பு விதி அமலில் இருக்கிறது. பல டெர்மினல்களுக்குள் நடந்து போகவே முடியாது, அவர்கள் விடும் வண்டியில்தான் கேட் வரை போக வேண்டும். வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

கையில் ஷோர் பாஸ், அடையாள அட்டை, ஏஜென்ட்டின் தொலைபேசி எண், கப்பல் பெயரும் அது நிற்கும் இடமான பெர்த்தின் எண்ணும் எழுதிய தாள் இருக்க வேண்டும். ஜப்பான், கொரியா, சீனா, தைவானில் டெர்மினலின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே ஏஜென்ட்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் அதைக் காட்டினால் போதும்.

துறைமுகத்துக்கு ஊர் பேர் இருந்தா ஊர் பக்கத்துலதானே இருக்கும்?

நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். "ஷாங்காய் போறோம்" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனால் கப்பல் யாங்ஷானில் கட்டும். அது கடலுக்குள் இருக்கும் தீவுத் துறைமுகம். தரையோடு சேர்க்கும் டோங்ஹாய் பாலமே 32.5 கிலோமீட்டர், அதைத் தாண்டி நகரத்துக்கு இன்னும் போக வேண்டும். பேங்காக் சரக்கு பெரும்பாலும் இறங்கும் லேம் சபாங், பேங்காக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பட்டாயாதான் பக்கம். பூசானில் பழைய துறைமுகம் நகரின் மடியிலேயே இருக்கிறது, ரயில் நிலையமும் கடைத்தெருவும் எதிரிலேயே. ஆனால் கன்டெய்னர் கப்பல்கள் இப்போது பெரும்பாலும் 2006இல் திறந்த பூசான் புதுத் துறைமுகத்துக்குப் போகின்றன, அது மேற்கே வெகுதூரம் தள்ளி. ஆஸ்திரேலியாவின் ஹே பாயின்ட்டில் நிலக்கரி ஏற்றும் பெர்த்துகள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் வெளியே கடலில் நிற்கின்றன. கேங்வே இறங்கினால் கால் படுவது ஜெட்டியில்தான்.

மறுபக்கம், இறங்கினாலே ஊர் என்று சொல்லத்தக்க துறைமுகங்களும் உண்டு. கொழும்பில் கேட்டைத் தாண்டினால் கோட்டை, அடுத்து புறக்கோட்டைச் சந்தை. தைவானின் காவ்சியுங்கில் துறைமுகமும் நகரமும் கலந்தே கிடக்கும், சீஜின் தீவுக்குப் படகு ஏறி மீன் சாப்பிட்டு வரலாம். ஃபிஜியின் சுவாவில் கப்பல் வந்து நிற்கும் இடமே ஊரின் நடுப்பகுதி, சந்தை பக்கத்திலேயே. சிறிய, பழைய துறைமுகம் என்றால் நகரம் அருகில் இருக்கும். புதிதாக, பெரிதாகக் கட்டியது என்றால் ஊர் எட்டத்தில்தான்.

சிங்கப்பூர்ல கப்பல் நிக்குது, கட்டடமெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, ஏன் மாமா இறங்க முடியல?

ஏனென்றால் கப்பல் ஆங்கரேஜில், அதாவது கரையைத் தொடாமல் கடலில் நங்கூரமிடும் இடத்தில் நிற்கிறது. கப்பல் எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே பெரிய துறைமுகம் சிங்கப்பூர். பெரும்பாலான கப்பல்கள் சரக்குக்காக இல்லாமல் எண்ணெய், ஸ்டோர், ஆள் மாற்றம் ஆகியவற்றுக்காக மட்டும் சில மணி நேரம் நங்கூரம் போட்டுவிட்டுப் போய்விடும். கரைக்குப் போக லாஞ்ச் படகு வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கம்பெனி ஏற்பாடு செய்தால் உண்டு, இல்லையென்றால் ஆட்கள் சேர்ந்து காசு போட்டுப் போவார்கள்.

போக முடிந்தால் விடாதீர்கள். மரினா சவுத் பியரில் இறங்கினால் அருகிலேயே எம்.ஆர்.டி ரயில். அங்கிருந்து லிட்டில் இந்தியா போய், தேக்கா சந்தையில் சாப்பிட்டு, சிராங்கூன் சாலையில் நடந்துவிட்டு வர மூன்று மணி நேரம் போதும். மாதக்கணக்கில் கடலில் இருந்தவனுக்கு, பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்ப்பதும் இலையில் சோறு சாப்பிடுவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு எச்சரிக்கை: சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது. கப்பலில் வாங்கிய பாக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். சூயிங் கம்மும் வேண்டாம்.

நம்ம ஆளுங்க இருக்கிற துறைமுகம் வேற எது?

கொழும்பு பற்றி மேலே சொன்னேன். மலேசியாவில் போர்ட் கிள்ளான். கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலை முழுக்க நம் கடைகள். ஆனால் உங்கள் கப்பல் நார்த்போர்ட்டா வெஸ்ட்போர்ட்ஸா என்று பாருங்கள். வெஸ்ட்போர்ட்ஸ் இருப்பது இண்டா தீவில், அங்கிருந்து கிள்ளான் வர நேரம் பிடிக்கும். பட்டர்வொர்த்தில் கட்டினால் படகு ஏறிப் பினாங்கு ஜார்ஜ் டவுனுக்குப் போகலாம்.

யாரும் எதிர்பார்க்காத இடம் ஃபிஜி. கரும்புத் தோட்ட வேலைக்கு 1903 முதல் தென்னிந்தியர்களை அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1916இல் அந்த ஆள் ஏற்றுமதி நின்றது. அங்கே குடியேறிய தென்னிந்தியர்கள் 1926இல் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. இப்போது வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஃபிஜி இந்திதான். ஆனால் நாடி என்ற ஊரில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், கோபுரமும் வண்ணமும் நம் ஊர்தான். சர்க்கரை ஏற்ற லௌடோகா துறைமுகத்துக்குப் போகும் கப்பல் என்றால் நாடிக்குப் பேருந்திலேயே போய்விடலாம். கூலிகளாய் ஏற்றிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிக் காக்கும் கோயில் அது. கப்பல் வேலை செய்கிற தமிழர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மொழி தெரியாது, யாரையும் தெரியாது. எங்க போய் உக்கார்றது?

கடலோடிகள் மையம் எங்கே என்று கேளுங்கள். மிஷன் டு சீஃபேரர்ஸ் 1856இல் தொடங்கியது, ஸ்டெல்லா மாரிஸ் 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இரண்டும் கிறித்தவ அமைப்புகள், ஆனால் உங்கள் மதத்தை யாரும் கேட்கமாட்டார்கள். வைஃபை, சிம் கார்டு, காபி, கேரம் அல்லது பில்லியர்ட்ஸ், பேச ஒரு ஆள் என்று எல்லாம் இருக்கும். போன் செய்தால் பல ஊர்களில் கேட் வரை வேன் அனுப்புவார்கள், காசு வாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் பெரும்பாலும் வேன் ஓட்டுகிறார்கள். குளிர்காலத்தில் ஊர்ப் பாட்டிகள் பின்னிய கம்பளித் தொப்பிகளைக் கப்பலுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். போர்ட் ஹெட்லண்ட் மாதிரி வெயிலும் செம்மண்ணும் மட்டுமே உள்ள ஊரில் இந்த மையம் இல்லையென்றால் இறங்கிப் பயனே இல்லை.

சம்பளப் பாக்கி, கொடுமை மாதிரி விஷயங்களையும் இவர்களிடம் சொல்லலாம். யாரிடம் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மகன் போர்ட்டுக்கு வந்தும் ஏன் தம்பி போன் பண்ணமாட்டேங்கிறான்?

அம்மாமார்கள் கேட்கும் கேள்வி இது. துறைமுகம்தான் கப்பலில் வேலை மிக அதிகமான இடம், அக்கா. முதல் பதிலில் சொன்ன எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் நடக்கும், கிடைத்த இடைவெளியில் பையன் தூங்குவான். நேர வித்தியாசமும் உண்டு. நியூசிலாந்தில் இருந்தால் அவன் கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடும், அவர்களின் கோடையில் ஏழரை.

இப்போது நிலைமை மாறிவருகிறது. எம்.எல்.சியில் 2022இல் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் அமலுக்கு வந்தது. கப்பலில் நியாயமான அளவு இணைய வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வீட்டோடு பேச இது பெரிய உதவி. ஆனால் அறையிலேயே இணையம் கிடைத்ததும், இறங்க வாய்ப்பிருந்தும் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு மணி நேரம் என்றாலும் இறங்கி ஆடாத தரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

நான் கரையில இருக்கும்போது கப்பல் கிளம்பிட்டா?

கப்பல் கிளம்பப் போகிறது, எல்லாரும் திரும்புங்கள் என்பதற்கு நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள பி கொடியைத் துறைமுகத்தில் ஏற்றுவது பழைய வழக்கம். இன்று அதைப் பார்த்துத் திரும்புவார் யாரும் இல்லை, பலகையில் எழுதிய நேரம்தான் கணக்கு. சரக்கு சீக்கிரம் முடிந்து நேரம் மாறினால் தெரிய வேண்டும், அதனால் உள்ளூர் சிம் முக்கியம்.

தவறிப்போனால் ஒளியாதீர்கள். முதலில் ஏஜென்ட்டுக்குப் போன். எடுக்கவில்லையென்றால் துறைமுகக் கேட்டில் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் ஷோர் பாஸ் கப்பல் துறைமுகத்தில் இருக்கும் வரைக்கும்தான். ஏஜென்ட் குடிவரவுத் துறையிடம் பேசி அடுத்த துறைமுகத்துக்கோ ஊருக்கோ அனுப்புவார். செலவை உங்கள் தலையில் கட்டலாம், வேலையும் போகலாம். தானாக வந்து சொன்னவருக்கும் பிடிபட்டவருக்கும் அதிகாரிகள் நடத்தும் விதத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அப்படியே இறங்கி அங்கேயே வேலை தேடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

அவரை நம்பாதீர்கள். ஷோர் பாஸில் வேலை செய்ய உரிமை கிடையாது. நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள், கடல் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. ஒருவர் ஓடிவிட்டால் அந்தத் துறைமுகத்தில் அடுத்து வரும் கப்பல்களின் இந்தியப் பையன்களை இறங்க விடாமல் செய்துவிடுவார்கள்.

வெளிய போனா குடி, பொட்டலம்னு மாட்டிக்குவானோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். மது விஷயத்தில் சர்வதேச விதி, பணியில் இருப்பவரின் ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. பல கம்பெனிகள் சுத்தமாகக் கூடாது என்கின்றன. திரும்பி ஏறும்போது கேங்வேயிலேயே ஊதச் சொல்வார்கள்.

பொட்டலம் இன்னும் ஆபத்து. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா மூன்றிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. "அடுத்த போர்ட்ல என் தம்பி வாங்கிக்குவான்" என்று நல்ல முகத்தோடு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஊர்க்காரர் என்றாலும்தான். இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப்பல் மெஸ்ஸில் இருந்து ஆப்பிள் ஒன்றுகூடக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது, விவசாயப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் போடுவார்கள்.

நேவி கப்பல்காரங்க மட்டும் நாலஞ்சு நாள் நின்னு ஊர் சுத்துறாங்களே?

போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வருவது அரசாங்கக் காரியம். நாடுகளுக்கிடையே நட்பைக் காட்டத்தான் வருகிறார்கள், சரக்குக் கணக்கு இல்லை. அதனால் அரசியலும் சேர்ந்தே வரும். அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் 2007 ஜூலையில் சென்னை வந்தபோது இடதுசாரிக் கட்சிகள் போராட்டம் நடத்தின. 2018 மார்ச்சில் கார்ல் வின்சன் வியட்நாமின் தனாங்குக்குப் போனது, 1975இல் போர் முடிந்தபின் அங்கே போன முதல் அமெரிக்க விமானந்தாங்கி அதுதான். 2016இல் ஜான் ஸ்டெனிஸ் ஹாங்காங் வர சீனா அனுமதி மறுத்தது. நியூசிலாந்தோ 1987இல் சட்டமே போட்டு அணுசக்திக் கப்பல்களைத் தடுத்துவிட்டது. நம் கடற்படையும் போகிறது. 2024 மே மாதத்தில் டெல்லி, சக்தி, கில்டன் ஆகிய மூன்று கப்பல்கள் சிங்கப்பூருக்கும் மணிலாவுக்கும் போய்வந்தன.

அவர்களுக்கும் கப்பலில் காவல் முறை உண்டு, இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், துணையோடுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடுகளும் உண்டு. ஆனால் நின்ற நாட்கள் அதிகம் என்பதால் சரக்குக் கப்பல்காரரைவிட அவர்களுக்கு ஊர் பார்க்க வாய்ப்பு கூடுதல்தான்.

நோயைக் காரணம் காட்டியோ, நாட்டைக் காரணம் காட்டியோ இறங்கவே விடலைன்னா என்ன பண்றது?

பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு காரணமாக மறுக்க ஃபால் உடன்படிக்கை இடம் தருகிறது. 2020இல் கொரோனா வந்தபோது அதைத்தான் பல நாடுகள் பயன்படுத்தின. கான்ட்ராக்ட் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் கப்பல்களிலேயே சிக்கிக்கொண்டார்கள். ஊரெல்லாம் திறந்த பிறகும் சில துறைமுகங்கள் கப்பல்காரர்களுக்கு மட்டும் கேட்டைத் திறக்க நெடுநாள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைகளுக்குப் போக வேண்டிய அரிசியையும் மருந்தையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

நாடு, இனம், மதம் பார்த்து மறுக்கக் கூடாது என்று அதே உடன்படிக்கையில் 2018 முதல் தெளிவாகவே இருக்கிறது. எனவே மறுத்தால் கேப்டன் மூலம் ஏஜென்ட்டிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தது அதிகாரியா, டெர்மினலா, கம்பெனியா என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தேதி, துறைமுகம், சொன்னவரின் பதவி மூன்றையும் குறித்து வையுங்கள். தடை கம்பெனியுடையது என்றால் முதலில் கப்பலிலேயே உள்ள புகார் நடைமுறை. அதன் நகல் வேலை ஒப்பந்தத்தோடு உங்களுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். துறைமுகத்துடையது என்றால் ஐ.டி.எஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் இன்ஸ்பெக்டர், கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டு நிர்வாகம், நம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் ஆகியோருக்கு எழுதலாம். ஆஸ்திரேலியாவில் ஆம்சா என்ற கடல் பாதுகாப்பு ஆணையம் பணியாளர் புகார்களை நேரடியாகவே வாங்குகிறது, ஊதியம் தராத கப்பல்களைப் பிடித்து நிறுத்தியும் இருக்கிறது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் எம்.எல்.சியிலேயே எழுதியிருக்கிறது.